சட்டசபைக் கேள்விக்குப் பாக்கியமேரி எழுதிய பதில்

தருமபுரி தனி மாவட்டமாகி ஆறேழு வருஷம் ஆகியிருந்த சமயம். மாவட்ட சுகாதார அலுவலகத்தில் பாக்கியமேரி கிளார்க்காக இருந்தாள். கோவிலூர்ப் பக்கம் ராகியும் கடலையும் போடுகிற கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் படித்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள். புருஷன் அருள்நாதனுக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை.

சென்னையில் சட்டசபையில் யாராவது சுகாதாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் அந்தக் கேள்வி பல ஆபீஸ்களைத் தாண்டி அவள் மேசைக்கு வந்து சேரும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன விவரம் வேண்டும் என்று அவள் பிரித்து எழுதி அனுப்புவாள். பதில் வராத இடத்துக்கு நினைவூட்டுக் கடிதம் போகும். அப்படியும் வராவிட்டால் போனில் கத்துவாள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பதிலாக்கி, பெரிய டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, தேதிக்குள் அனுப்ப வேண்டும். தேதி தவறினால் டாக்டருக்கு மெமோ வரும், அவளுக்கு வசவு விழும்.

ஒரு நாள் சித்தேரி மலையிலிருந்து சென்றாயன் என்பவர் ஆபீசுக்கு வந்தார். அரசங்காடு அவர் ஊர். சாமையும் கொஞ்சம் புளியும்தான் பிழைப்பு. ஹெட் கிளார்க் குப்புராஜ் முன்னால் நின்றுகொண்டு, "எங்க ஊருக்கு நர்சம்மா இருக்குதா இல்லீங்களா, அத மட்டும் சொல்லுங்க சாமி" என்று கேட்டார்.

நர்ஸ் வருவதில்லை என்று அவர் எழுதிக் கொண்டுவந்த மனுவைக் குப்புராஜ் வாங்கி வைத்துக்கொண்டு போகச் சொன்னார். "உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு கார்டு போயிற்று. புளி விற்க இறங்கியபோது சென்றாயன் திரும்பவும் வந்தார். அதே கேள்வி. மூன்றாம் தடவை வந்தபோது பாக்கியமேரி எழுந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் அவர் பின்னாலேயே போனாள்.

"எதுக்குங்க இதையே கேட்டுக்கிட்டு வர்றீங்க? சர்க்கார் உதவி ஏதாச்சும் வேணுமா?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றார். பிறகு சொன்னார். அதிகாரிகள் வந்து ஊரில் ஒரு கட்டடத்தைத் திறந்து, பிரசவ நிலையம் என்று போர்டு மாட்டினார்கள். நர்ஸ் ஒருத்தி கொஞ்ச வாரம் இருந்தாள், அப்புறம் காணோம். நாளைக்கு வருவாள் என்று ஒவ்வொருத்தரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சம்சாரம் தீர்த்தம்மாளுக்கு வலி எடுத்தபோது அங்கே கொண்டுபோனார்கள். கதவு பூட்டியிருந்தது.

"அந்தக் கதவு முன்னாடியே அரை நாளு உக்காந்திருந்தோம். போர்டு இருக்குதே, எப்படியும் வந்துருவாங்கன்னு. அது இல்லாட்டி அப்பவே டோலி கட்டித் தூக்கிட்டு எறங்கியிருப்பேன். பாதி மலையில அவளும் போயிட்டா, புள்ளையும் போயிடுச்சு. நர்சம்மா இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. போர்டக் கழட்டிடறோம். இன்னொருத்தி வந்து அங்க காத்திருக்கக் கூடாது."

பாக்கியமேரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். ஆபீஸ் விவரத்தை வெளியாளுக்குச் சொல்லக் கூடாது என்பது சட்டம். மீறினால் வேலை போய்விடும். ஆனால் கேட்க வேண்டியவர் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும் என்பதும் அதே சர்க்கார் வைத்த சட்டம்தான்.

"உங்க எம்.எல்.ஏ.வைப் போய்ப் பாருங்க. சட்டசபையில கேக்கச் சொல்லுங்க. அரசங்காட்டு நிலையத்துல நர்ஸ் வேலை செய்யறாங்களா, எப்ப இருந்து, இல்லைன்னா ஏன். இந்த மூணையும் விடாம கேக்கச் சொல்லுங்க. அந்தக் கேள்வி எங்கிட்டத்தான் வரும்."

சென்றாயன் மூன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். சட்டசபை கூடியபோது கேள்வி வந்துவிட்டது.

மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவள் எழுதினாள். அங்கிருந்து, "அரசங்காட்டுத் துணை நிலையம் செயல்படுகிறது. செவிலியர் பணியில் உள்ளார்" என்று பதில் வந்தது.

"அப்படியே டைப் பண்ணி அனுப்பிடும்மா. பொய்யின்னா எழுதிக் குடுத்தவன் தலையில" என்றார் குப்புராஜ்.

"கையெழுத்து நம்ம டாக்டரோடதுங்க சார். மந்திரி அதைப் படிப்பாரு. பொண்டாட்டியப் பறிகுடுத்த ஆளு அதைக் கேப்பாரு."

அவள் நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். அவர் எரிச்சலோடு, "இன்ஸ்பெக்‌ஷன் உன் வேலை இல்லையே" என்றார்.

"விவரம் சேத்து அனுப்பறது என் வேலைங்க சார். வந்திருக்கற விவரமும் நம்ம ஆபீசுலயே இருக்கற மனுவும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. நேர்ல பாத்துட்டு வந்துடறேன்."

டாக்டர் ஒத்துக்கொண்டார். "ஜீப் அம்மைத் தடுப்பு வேலைக்குப் போயிருக்கு. பஸ்லதான் போகணும். தேதி தவறினா நான் காப்பாத்த மாட்டேன்."

குழந்தையை அருள்நாதனிடம் விட்டுவிட்டு அரூர் பஸ் ஏறினாள். அங்கிருந்து இன்னொரு பஸ். அடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் அரசங்காட்டு நர்சைப் பற்றி விசாரித்ததும் பிரசவ வார்டைக் காட்டினார்கள். அங்கே குழந்தை ஒன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நர்சைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கான்வென்ட் ஹாஸ்டலில் அவளோடு இருந்த ரோசம்மாள்.

"அரசங்காட்டுக்குப் போட்ட நர்ஸ் நீதானா ரோசம்மா?"

ரோசம்மாள் குழந்தையைத் துணியில் சுற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மறைக்கவில்லை. மலைமேல் தங்க வீடு கிடையாது. கட்டடம் ஒழுகும். கீழே வார்டில் ஆள் போதவில்லை என்று இங்கத்து டாக்டர் எழுத்தில் எதுவும் தராமல் வாயால் சொல்லி இறக்கிக்கொண்டார். சம்பளம் மட்டும் அரசங்காட்டுப் பெயரில் வருகிறது.

"இதை எழுதினீங்கன்னா மெமோ முதல்ல எனக்குத்தாங்க்கா வரும். டாக்டரு நான் சொல்லவே இல்லம்பாரு. எங்க வூட்ல நான் சம்பாரிச்சுத்தான் அடுப்பு எரியுது."

சிநேகிதியின் பிழைப்பில் கை வைக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று பாக்கியமேரிக்கு இருந்தது. வற்புறுத்தாமல் மலைப்பாதையில் ஏற ஆரம்பித்தாள். பழக்கமில்லாத கால். பாறைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேர வெயில் சாய்ந்துவிட்டது.

போர்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேற்கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சாமை புடைத்துக்கொண்டிருந்த நிறைமாதக்காரி ஒருத்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நீங்கதான் புது நர்சம்மாவா?"

"இல்லம்மா" என்றாள் பாக்கியமேரி. அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்தபோது, இதை எழுதாமல் விடப்போவதில்லை என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. "இங்க யாரும் இப்ப வரமாட்டாங்க. வலிக்கு முன்னாடியே கீழ ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இந்தக் கதவை நம்பாதீங்க."

அன்றைக்குச் சென்றாயன் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை இறங்கினாள். பஸ் நிற்கிற இடத்தில் ரோசம்மாள் காத்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எழுதுங்கக்கா. அந்தப் பொம்பள செத்தது எனக்கும் தெரியும். அன்னைக்கு இங்கதான் ட்யூட்டியில இருந்தேன். டாக்டருதான் எறக்குனாருன்னு யார் முன்னாடி வேணுமின்னாலும் சொல்றேன்."

ஆபீசுக்கு வந்து பாக்கியமேரி பதிலைத் தயார் செய்தாள். பணியிடம் உண்டு, கீழே ஆள் பற்றாக்குறையால் மருத்துவ அலுவலரின் வாய்மொழி உத்தரவின் பேரில் செவிலியர் அங்கே நிறுத்திக்கொள்ளப்பட்டார், மலையில் குடியிருப்பு இல்லை, நிலையம் செயல்படவில்லை. ரோசம்மாள் தானாக வராமல் இருந்துவிட்டாள் என்று யாரும் திருப்பிவிட முடியாதபடி அந்த இரண்டாவது வரியைப் பல தடவை மாற்றி மாற்றி எழுதினாள்.

பெரிய டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலைப் படித்தார். "'தற்சமயம் செயல்படவில்லை'ன்னு போட்டுடலாமே."

"வேண்டாங்க சார். ஆரம்பத்துல கொஞ்ச வாரம் தவிர அது எப்பவுமே செயல்படல. 'தற்சமயம்'னு போட்டா அதுவும் பொய்தான்."

"இதுக்கு அப்புறம் உன்னை இங்க வெச்சுக்க விடமாட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

பதில் சட்டசபையில் படிக்கப்பட்டது. அடிவாரத்து டாக்டரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். ரோசம்மாளுக்கு மெமோ வரத்தான் வந்தது. ஆனால் வாய்மொழி உத்தரவு என்பது மந்திரி வாயாலேயே வெளியாகிவிட்டதால் மேற்கொண்டு நடவடிக்கை இல்லாமல் முடிந்தது.

சென்றாயன் ஆபீசுக்கு வந்தார். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்பதால், குப்புராஜ் எதிரிலேயே பாக்கியமேரி அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நர்சம்மா இருந்துச்சு" என்றார் அவர். "கீழ இருந்துச்சு."

"ஆமாங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பவாச்சும் யாராச்சும் சொன்னீங்களே" என்று எழுந்தார். ஊருக்குப் போனதும் போர்டைக் கழற்றிவிட்டார். குடியிருப்போடு புதுக் கட்டடம் எழும்ப இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று. அங்கே போக ரோசம்மாளே எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னபடியே பாக்கியமேரியை ஓசூருக்குத் தூக்கியடித்தார்கள். அருள்நாதன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவனே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். கன்னடம் பேசுகிற குடும்பம் ஒன்றின் பின்கட்டில், குழந்தையோடு தனியாகக் காலம் தள்ளினாள். ஜனன மரணப் பதிவுதான் அங்கே வேலை. ஒவ்வொரு வருஷமும் பழைய வேலைக்கே திருப்பி அனுப்பும்படி மனு போட்டாள். கடைசியில் கொடுத்தார்கள்.

தருமபுரிக்குத் திரும்பிய வாரத்திலேயே ஒரு புது வழக்கத்தை ஆரம்பித்தாள். எந்த நிலையத்திலிருந்து விவரம் வந்தாலும், அதை நேரில் பார்த்தவர் யார் என்று பெயர் இருக்க வேண்டும். இல்லாதவற்றை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். டாக்டர்கள் போனில் திட்டினார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க சார், போய்ப் பாத்தவங்க பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்பாள்.