சிவப்பு விழுந்த முகவரி

வீடு மாறினேன் என்று எழுதிக் கொடுப்பவர்கள் நிஜமாகவே மாறினார்களா, இல்லை சும்மா கதை விடுகிறார்களா என்று கண்டுபிடிக்க நகராட்சி ஒரு சிஸ்டம் வாங்கிப் போட்டிருந்தது. அடடா, அதன் அறிவே அறிவு! தெரு விளக்கு எரியவில்லை என்றால் மட்டும் நாலு தடவை நடந்து போய்ச் சொன்னால்தான் நகராட்சிக்குத் தெரியும். எவன் எந்த வீட்டில் தூங்குகிறான் என்பது இருந்த இடத்திலேயே தெரிந்துவிடுமாம்.

அந்த சிஸ்டம் மகாராஜா, ஸ்பானரின் புது முகவரியைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் அங்கே இல்லை என்று சிவப்பு போட்டுவிட்டார்.

ஸ்பானர், பஸ் டிப்போ மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது சம்பளம் போடுகிறவர் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். மனைவி போன பிறகு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு வந்துவிட்டார். வந்து நாலு மாதம். வலது கண்ணில் புரை முற்றிப்போய், போல்ட்டை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறார். மகள் வீடு இருக்கிற வார்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த வார்டில் பதிவானவர்களுக்கு மட்டும்தான். சிவப்பு விழுந்தால் தேதி போச்சு. தேதி போனால் கண்ணும் போச்சு.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினார் நகராட்சிக்கு.

"ஏன் சார் சிவப்பு?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? சிஸ்டம் ஒத்துக்கல," என்றார் கவுன்ட்டர்காரர்.

"நான் உயிரோட உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

"நீங்க உயிரோட இருக்கிறதுல சிஸ்டத்துக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. எங்க இருக்கீங்கங்கிறதுதான் தகராறு."

என்ன பெருந்தன்மை பாருங்கள்! நேரில் பார்க்க ஆள் வரும், அவர் சரி என்றால் பச்சையாகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தார் நகராட்சி மேடம், கையில் ஆபீஸ் போனோடு. மகள் லீவு போட்டுவிட்டு, சண்டைக்குத் தயாராக வாசலிலேயே நின்றாள்.

"பாருங்க மேடம், இது அப்பா கட்டில். இது அப்பா செருப்பு. பெத்த அப்பா என்கூட இருக்கார்னு நான் யார்கிட்ட நிரூபிக்கணும்? தங்கமான மனுஷன். ஒரு தொந்தரவு கிடையாது. இருக்கிற இடமே தெரியாது."

"சிஸ்டமும் அதையேதாம்மா சொல்லுது," என்றார் மேடம். கிண்டல் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். "ஒரு ஆள் புதுசா வந்திருக்கார்ங்கிறீங்க. தண்ணி மீட்டர் ஏறல. கரண்ட் ஏறல. குப்பை கூட முன்னாடி போட்ட அளவுதான். ஒரு பூனை வந்து தங்கினாலே கொஞ்சம் ஏறுமேம்மா?"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க எங்க குளிக்கிறீங்க?"

ஸ்பானர் கட்டில் காலைப் பார்த்தார். "டிப்போலதான். க்ரீஸ் கையோட வந்து உங்க பாத்ரூமை ஏம்மா அழுக்காக்கணும்?"

"துணி?"

"அங்கேயே அலசிப் போட்டுடுவேன்."

"பசியில்ல, பசியில்லன்னு தினமும் சொன்னீங்களே?"

"கேன்டீன்ல சாப்பிட்டுட்டு வந்தா எப்படிம்மா பசிக்கும்?"

"ஃபேன் கூடப் போடாம தூங்கறீங்களா?"

ஸ்பானர் போர்வையை மடிக்க ஆரம்பித்தார்.

மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. "அவர் உங்களை ஒரு வார்த்தை சொன்னாரா? நான் சொன்னேனா?"

"சேச்சே! மாப்பிள்ளையை எதுக்கு இழுக்கிற? எனக்குத்தான், ஒருத்தர் வீட்டுல..."

"ஒருத்தர் வீடா? நான் உங்களுக்கு ஒருத்தரா?"

மேடத்துக்குத் தர்மசங்கடம். போனில் ஒரே ஒரு கேள்விதான்: குடியிருக்கிறாரா, இல்லையா? "சொல்லுங்கம்மா, நான் என்ன போடட்டும்?"

இவ்வளவு நேரம் பொரிந்து தள்ளியவளுக்கு ஆமாம் என்ற ஒரு சொல் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்ரூம் கதவைப் படாரென்று திறந்தாள்.

"போங்க. குளிங்க. இப்பவே."

"காலையிலதான்மா டிப்போல..."

"அப்பா!"

ஆயுசு முழுக்கப் பஸ்களை அதட்டியவர், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். முதலில் குழாயை நூல் அளவுதான் திறந்தார். மகள் கதவைத் தட்டினாள். "நல்லா திறங்கப்பா, காதுல விழல!" அப்புறம் கொட்டியது பாருங்கள், வாசல்வரை கேட்டது. மேடம் போய் மீட்டர் முன்னால் குனிந்து நின்றார். முள் கிறுகிறுவென்று சுற்றியது. நேரில் பார்த்தேன், பயன்பாடு உள்ளது என்று போனில் தட்டினார். ஸ்பானர் உள்ளே சோப்பு போட்டு முடிப்பதற்குள் சிஸ்டம் பச்சையாகிவிட்டது. ஒரு மனிதன் குடியிருக்கிறான் என்பதற்கு அந்த மகாராஜாவுக்கு ரெண்டு வாளி தண்ணீர் போதும்.

"நாளைக்கு ஆபரேஷனுக்குத் தாராளமா போகலாம். வரேம்மா," என்று மேடம் படியிறங்கினார்.

உள்ளே தண்ணீர் நின்றது. பிறகு கதவு லேசாகத் திறந்து, தயங்கித் தயங்கி அப்பாவின் குரல் வந்தது.

"பாப்பா... இந்த வீட்டுல துண்டு எல்லாம் எங்கம்மா வைப்பீங்க?"