நான் சம்மதித்து வெட்டிய பத்தி

"அவுக புத்தகத்துக்கு அவுகளே மதிப்புரை எழுதிக்கிருவாக. காரைக்குடியில உக்காந்துக்கிட்டு நீ எதுக்குத்தா நடுவுல?"

என் ஆய்வு நெறியாளர் கேட்டபோது சிரித்தேன். ஐரோப்பிய வரலாற்றிதழ் ஒன்று என்னிடம் மதிப்புரை கேட்டிருந்தது. வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பிரெஞ்சும் ஜெர்மனும் படித்தவள். கர்வம் இருக்காதா?

ஒரே புத்தகத்தை மூன்று நாட்டவர் மதிப்பிடுவது அந்த இதழின் வழக்கம். வரைவுகளை மூவரும் நூலாசிரியரும் படிப்பார்கள். அவர் பதில் எழுத, எல்லாம் சேர்ந்து அச்சாகும். எல்லை கடந்த உரையாடல் என்று அதற்குப் பெயர். மற்ற இருவருக்கும் புத்தகம் தபாலில் போனது. எனக்கு வந்தது கணினிக் கோப்பு, பக்கந்தோறும் குறுக்கே என் மின்னஞ்சல் முகவரியோடு.

ஜெர்மானியர் எழுதிய நூல். பிரெஞ்சு எல்லையில் ஆடு மேய்த்தவர்களைப் பற்றியது. தங்கள் ஆடுகளை எல்லை தாண்டி மேயவிடக் கேட்டு ஒரு பிரெஞ்சுக் கிராமம் கொடுத்த மனுதான் அதற்கு ஆதாரம். இரு பக்கத்தாரும் சகோதரர்களே என்று மனு முடிகிறது. எனக்கு அங்கேதான் சந்தேகம். எங்கள் ஊரில் ஆட்டுக்கிடை போட வெளியூர்க்காரர்கள் வந்தால் முதல் நாளே சண்டை. மேய்ச்சல் கேட்கிறவர்கள் இவ்வளவு இனிப்பாக முடிக்க மாட்டார்கள்.

அவர் பயன்படுத்தியது பழைய ஜெர்மன் மொழிபெயர்ப்பு. ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் மூல மனுவைத் தேடிப் பிடித்தேன். அந்தக் கையெழுத்தைப் படித்து முடிக்க மூன்று வாரம். மொழிபெயர்ப்பில் கடைசிப் பத்தி இல்லை: எங்கள் ஆடு அங்கே போகலாம், அவர்கள் ஆடு இங்கே வரக் கூடாது.

எழுதினேன். வரைவு எல்லோருக்கும் போனது.

சில நாளில் இதழாசிரியர் கேட்டார்: மற்ற இருவரில் ஒருவரான பிரெஞ்சுப் பேராசிரியர் திருத்தி அனுப்பிய மதிப்புரையிலும் மனுவில் விடுபட்ட இந்த விஷயம் இருக்கிறது, இடம் போதவில்லை, உங்கள் பத்தியை எடுத்துவிடலாமா? அந்தத் திருத்தத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் பதில் போட்டேன். "தாராளமாக. நன்றி."

அச்சேறும் முன் பிழை பார்க்க அச்சுப்படி வந்த பிறகுதான் படித்தேன். அவருடைய முதல் வரைவில் இல்லாத என் கண்டுபிடிப்பு இப்போது அவர் பெயரில் இருந்தது. நூலாசிரியர் அவருக்கு நன்றி சொல்லி, அண்டை நாட்டவர் பேசிக்கொள்வதன் பலன் இதுவே என்று எழுதியிருந்தார். எனக்கும் ஒரு வரி: இந்தியாவிலும் ஒரு வாசகர் ஆர்வம் காட்டியது மகிழ்ச்சி.

ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அவுகளா பிடுங்குனாக?"

"இல்லம்மா. நாந்தான் சரின்னேன்."

"ஆட்டையும் குடுத்து, கயித்தையும் குடுத்து, போயிட்டு வாங்கன்னு கும்பிடும் போட்டிருக்கே. படிச்சவதான்."

நெறியாளர் சமாதானம் சொன்னார். "விட்டுருத்தா. அச்சுல உம் பேரு வருதுல்ல? வேலைக்கு விண்ணப்பிக்க அது ஒண்ணுதான உங்கிட்ட இருக்கு?"

உண்மைதான். வேறு வெளியீடு எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பத்தி போனபின் என் மதிப்புரையில் மிஞ்சியது புத்தகத்தின் சுருக்கம். அதை யாரும் எழுதலாம்.

நேற்று மாலை இதழாசிரியர், நூலாசிரியர், மற்ற இரு மதிப்புரையாளர்கள், நால்வருக்கும் ஒரே மடலாக என் முதல் வரைவை, அது போன தேதியோடு அனுப்பினேன். பத்தியை என் பெயரில் திரும்பச் சேருங்கள், இல்லையென்றால் என் மதிப்புரையை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். இந்த முறை நன்றி என்று முடிக்கவில்லை.