ஃபேக்ஸ் மெஷினிலிருந்து வந்த திரை

ஜெர்மனியின் கீல் நகரத்து எக்கார்ட் ப்ரோம்ஸே கடையில் ஒரு பொருள் வாங்கினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துறைமுகத்தை ஒட்டிய நிலவறையில் கூடும் அவருடைய எலெக்ட்ரானிக்ஸ் சங்கத்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: எதைச் செய்தாலும் குப்பையில் கிடைத்ததைக் கொண்டுதான் செய்ய வேண்டும். புதுத் திரை வாங்கி வந்த ஒருவரை வருடம் முழுக்க "துரை" என்று கூப்பிட்டு வாட்டி எடுத்தார்கள். அதில் முன்னால் நின்றவர் எக்கார்ட்.

அவருடைய மனைவி ட்ரவுடலுக்குப் பக்கவாதம் வந்தது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. வாயும் கையும்தான் சொன்னபடி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் ஏதோ ஒன்றைச் சொல்லத் தவித்தாள். கணவரின் சட்டையைப் பிடித்து இழுப்பாள், வாயைத் திறப்பாள், வெறும் காற்றுதான் வரும்.

மகள் வீப்கே, எழுத்துகள் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். "அம்மா ஒவ்வொரு எழுத்தா விரல் வைக்கட்டும்பா. நீங்க கூட உக்காந்து படிச்சாப் போதும்."

"உங்கம்மா என்ன பாலர் பள்ளியிலயா படிக்கிறா? பெரிய பட்டன், மேல திரைன்னு நான் மெஷினே செஞ்சு தரேன். கொஞ்சம் பொறு."

மகள் போனதும் அந்த அட்டையின் பின்பக்கத்தில் வயரிங் படம் வரைந்து, அதைக் கீழே பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

திரை ஒரு பழைய ஃபேக்ஸ் மெஷினிலிருந்து கழற்றியது. அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிக் கால்களில் எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. மீட்டரின் ஒரு முனையைத் தகரச் சட்டத்தில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்த்தே வாரங்கள் போயின. மாடியில் ட்ரவுடல் கரண்டியால் கட்டிலைத் தட்டுவாள். "வரேன், வரேன்!" என்று கத்துவார், வரமாட்டார். ஒருநாள் திரையில் வெறும் கறுப்புக் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. மாடிக்கு ஓடிப்போய்க் காட்டினார். அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று சங்கத்தில் பெருமையடித்துக்கொண்டார். இந்த மனிதரை எதில் சேர்ப்பது!

"பொண்டாட்டி வாய் தானா மூடிக்கிச்சு. அதைத் திறக்க இந்தப் பாடு படுறியே, உனக்கு மூளை இருக்கா?" என்றார் நண்பர் ஹென்னிங். எல்லாரும் சிரித்தார்கள். எக்கார்டும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மெஷின் தயாரானது. முதல் வார்த்தை சங்கத்தின் கண்காட்சியில்தான் வர வேண்டும் என்று, வீட்டில் அவளைத் தொடவே விடவில்லை. அன்றைக்குச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ம், அடி ட்ரவுடல்! எல்லாரும் பாக்கட்டும்."

முதல் எழுத்து விழுந்ததும் கை தட்டினார்கள். அவள் நிமிரவில்லை. நடுங்கும் விரலால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனாள். கைதட்டல் குறைந்தது, பிறகு நின்றுவிட்டது.

எக்கார்ட் பக்கவாட்டில் குனிந்து திரையைப் பார்த்தார். "இங்கேருந்து கொஞ்சம் மங்கலாத் தெரியுது இல்ல?" என்று சின்னத் திருகாணியைத் திருகினார். "இப்ப?"

"இப்ப நல்லாத் தெரியுது" என்றார் ஹென்னிங். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நீதான் இன்னும் படிக்கல."

எக்கார்ட் முன்னால் வந்து நின்று படித்தார். என்னை வீப்கேயிடம் அனுப்பு.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்மா" என்றார் மெல்ல.

ட்ரவுடல் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அடுத்த வரியில் அடித்தாள். இன்றைக்கே.