ஜனவரி முதலாம் திகதிக்கு முன்

வசந்தமலருக்கு ஐம்பத்தாறு வயதில் வரலாற்றின் மேல் பிடிப்பு வந்தது. லண்டனின் பார்க்கிங் பகுதியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவர். கவுன்சில் நடத்தும் ஆங்கில வகுப்பில் சேரப் போனார். அங்கே இடம் இல்லை. பக்கத்து அறையில் நடந்த உலக வரலாற்று வகுப்பில் உட்கார்ந்துவிட்டார். நானும் அந்த வகுப்பில்தான் இருந்தேன்.

எங்கள் ஆசிரியை ஹெலன் ஒரு விடயத்தில் கண்டிப்பானவர். ஒன்றைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை வாசித்தால் போதாது, அந்தக் காலத்து ஆவணத்தையே வாசிக்க வேண்டும். அதன் விளைவு இன்று எங்கே தெரிகிறது என்றும் காட்ட வேண்டும். ஆளுக்கொரு ஆவணம் எடுக்கச் சொன்னபோது நாங்கள் பெரிய யுத்தங்களின் உடன்படிக்கைகளை எடுத்தோம். வசந்தமலர் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தை எடுத்தார். 2001இல் குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து அவருக்கு வந்த கடிதத்தில் அதன் பெயர் இருந்தது. ஊரில் நடந்த யுத்தத்துக்குத் தப்பி வந்த அவரை அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் அது.

நூலகத்தில் முழுவதையும் அச்சடித்து எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சாப்பாடு முடிந்து, தட்டுகளைக் கழுவிய பிறகு, அகராதியோடு உட்கார்ந்து வாசித்தார். முதலாம் பிரிவைத் தாண்டவே மூன்று கிழமை எடுத்தது. பிரித்தானியப் பாஸ்போட்டே எடுத்தாயிற்று, இனி எதற்கு இந்தக் கடதாசி என்று கணவர் சண்முகராசா கேட்டாராம்.

ஒரு பின்னேரம் வசந்தமலர் அவரைக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினார். 1951 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் நடந்த சம்பவங்களால் ஓடி வந்தவர்களே அகதிகள் என்று அதில் இருந்தது.

"இதின்படி பாத்தா நாங்கள் அகதிகளே இல்லை," என்றார்.

"அப்ப எங்களுக்கு எப்பிடித் தந்தவங்கள்?"

"அதைத்தான் தேடுறன்."

விடை 1967ஆம் ஆண்டின் இன்னொரு ஆவணத்தில் இருந்தது. சில பக்கங்கள்தான். அந்தத் திகதியை அது நீக்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் புதிய யுத்தங்களில் ஓடி வந்தவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உரியதானது.

அடுத்த வகுப்பில் ஹெலன் கொடுத்த குறிப்பில், 1951இன் சாசனம் உலகின் எல்லா அகதிகளையும் காத்தது என்று அச்சாகியிருந்தது. வசந்தமலர் கையைத் தூக்கினார், இறக்கினார், திரும்பவும் தூக்கினார். பிறகு எழுந்து நின்று இரண்டு ஆவணங்களிலிருந்தும் அந்த வரிகளைத் தடுமாறாமல் வாசித்தார். ஹெலன் தாள்களை வாங்கிப் பார்த்தார். பேனையை எடுத்து எங்கள் முன்னிலையிலேயே தன் குறிப்பை வெட்டித் திருத்தினார். கொங்கோவிலிருந்து வந்த ஒருவர் எழுந்து போய் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

வகுப்பு கோடையோடு முடிந்தது. எங்களில் பலர் அத்தோடு வரலாற்றை விட்டுவிட்டோம். வசந்தமலர் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வாசகர் அட்டை எடுத்திருக்கிறார். அந்தத் திகதியை யார் கேட்டு வைத்தார்கள் என்று அறிய வேண்டுமாம். சனிக்கிழமைகளில் செவன் கிங்ஸ் நிலையத்திலிருந்து ரயில் ஏறுகிறார். சண்முகராசா சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். பழைய வெளியுறவு அமைச்சுக் கோப்புகளில் வசந்தமலர் இப்போது நான்காவதை வாசித்துக்கொண்டிருக்கிறார்.