ராஜவேலுவின் காலிக் கட்டம்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பர் ராஜவேலு. இருபத்தேழு வருஷமாக அவருக்கு விசிலும் வாயும்தான் ஆயுதம். விசில் எவ்வளவோ தேவலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், "கண்ணு என்னா பொடனிலயா இருக்குது? அட்டையைப் பாருப்பா!" என்று சீறுவார்.

அட்டை அவரே டைப் அடித்தது. ஊர், வாரநாள் நேரம், ஞாயிறு நேரம், அங்கிருந்து திரும்பும் நேரம் என்று நாலு பத்தி, ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக நிறுத்தியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஓடாத வண்டிக்கு அந்தக் கட்டம் காலி. 'இல்லை' என்று மட்டும் எழுத மாட்டார். பயணியிடம் 'இல்லை' சொன்னால் அன்றைய வசூல் படுத்துவிடுமாம். பெரிய ஞானி!

பயணிகள் சங்கத்து வெப்சைட்டுக்காக அதை வாங்கிப்போன விக்னேஷ் செல்போன் கடை வைத்திருப்பவன். வரிகளை மட்டும் தனித்தனியாகப் பிரித்து வெப்சைட்டில் ஒட்டினான், கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். பத்திகளுக்கு நடுவே தட்டிய பத்து ஸ்பேஸையும் பிரவுசர் ஒன்றாகச் சுருக்கிவிட்டது. ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் நர்சிங் கல்லூரித் தடத்தில் ஞாயிறு வண்டியே கிடையாது. திரும்பும் நேரமான ஆறு மணி நகர்ந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தது.

ராஜவேலுவின் எதிர்வீட்டு எஸ்தருக்கு அந்தக் கல்லூரியில்தான் நர்ஸ் வேலைத் தேர்வு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், இதுதான் கடைசி. போனில் பார்த்துவிட்டு ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஸ்டாப்பில் நின்றாள். ஏழு வரைக்கும் நின்றாள். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் விஷயம் தெரிந்து ராஜவேலு விக்னேஷின் கடையேறிக் கத்தினார்.

"பத்து எடம் உட்டா ஒண்ணா எடுத்துக்கும்னா அது என்னா மிஷினுடா? நீ என்னா படிச்சுக் கிழிச்ச?"

"மேலயும் கீழயும் 'pre'ன்னு ஒரு டேக் போட்டா, ஸ்பேஸைச் சுருக்காம நீங்க அடிச்ச மாதிரியே நிக்கும்ணா. மறந்துட்டேன்."

அப்போதே போட்டான். அட்டையில் இருந்ததைப் போலவே பத்திகள் நேராகின, காலிக் கட்டம் மறுபடி காலியானது. ராஜவேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே எஸ்தர் வீட்டுக்குப் போய்ப் போனை நீட்டினார்.

"பாரும்மா, எம்மேல தப்பே இல்ல. எல்லாம் அந்த அரைவேக்காட்டுப் பய பண்ண வேலை."

எஸ்தரின் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"இப்ப மட்டும் இதுல என்னா தெரியுது மாமா? பஸ் இல்லையா, நீங்க எழுத மறந்துட்டீங்களா?"

"எதிர்லதானம்மா இருக்கறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"சனிக்கிழமை உங்க வாசல்ல வந்து நின்னுக்கினுதான் இருந்தேன். கண்ணு பொடனிலயா இருக்குதுன்னு கேப்பீங்களேன்னு திரும்பிட்டேன்."

அடுத்த நாள் காலை ராஜவேலு அந்தக் கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'பஸ் இல்லை' என்று எழுதினார். ரொம்பப் பெரிய மனசு. எஸ்தர் இப்போது காந்தி ரோட்டு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருக்கிறாள்.