சித்தி வருவதற்கான வண்டி

என் சித்தப்பாவுக்கு மறதிக்காரர் என்று பெயர் வந்தது ஒரு வண்டியால். அதற்கு முன்னால் அவருக்கு அந்தப் பெயர் கிடையாது. போன மாதம் எந்தெந்த நாளில் பால் வேண்டாம் என்று சொன்னோம் என்பதுவரை நினைவு வைத்திருந்து பால்காரனைத் திணற அடித்த மனிதர் அவர்.

கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அந்த வண்டியைப் பின்சந்து வழியாகக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது எனக்கு எட்டு வயது. பொன்முடி எஸ்டேட்டில் ஆட்களையும் தேயிலை மூட்டைகளையும் மாறி மாறிச் சுமந்து ஓய்ந்துபோன பழைய ஜீப் வேன். பின்பக்கம் எதிரெதிரே இரண்டு மரப்பெஞ்சு, தரையில் கை நுழையும் ஓட்டை. அம்மா கொல்லைக் கதவில் நின்று பார்த்துவிட்டு, "இது ஓட்டறதுக்கா, இல்லே கோழி வளக்கறதுக்கா?" என்றாள். சித்தப்பா சிரித்தார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சித்திக்காக்கும்டி இது. அவளுக்குத்தான் பஸ் ஒத்துக்காதே" என்றார் என்னிடம்.

சித்தி நாகர்கோவிலில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ்ஸில் ஏறினால் வாந்தி வருகிறது, அதனால் திரும்பி வர முடியவில்லை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அதை முழுசாக நம்பினேன். போகும்போது அவள் எதில் போனாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆபீஸிலிருந்து வந்ததும் சித்தப்பா காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார். தரைத் தகட்டைப் பெயர்த்தபோது அடியிலிருந்து பழைய தேயிலைத் தூள் கொட்டியது; கொல்லை முழுக்க இரண்டு நாள் டீக்கடை வாசனை. கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு வெல்டர் வந்து ஓட்டைகளை அடைத்தார். குலுங்காமல் இருக்கப் புது ஸ்பிரிங், லேசாகத் திரும்ப பவர் ஸ்டியரிங், மரப்பெஞ்சுக்குப் பதில் முன்பக்கம் பார்த்த நல்ல சீட், எல்லாம் சித்தியின் வயிற்றை உத்தேசித்துத்தான். சீட்டுக்கு மயில்கழுத்து நிறத்தில் உறை தைக்கச் சொன்னார். சித்தியின் கல்யாணப் புடவை அந்த நிறம்.

ஒரு நாள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வண்டியின் இரும்புச் சட்டத்தில் வெட்டியிருந்த எண்களை எனக்குக் காட்டினார். "இது வண்டியோட ஜாதகம், கேட்டியா. எல்லாத்தையும் மாத்தலாம், இதைத் தொடப்படாது. இது போச்சுன்னா வண்டியே போச்சு." நான் பயபக்தியோடு தலையாட்டினேன்.

வண்டி அநேகமாக முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தியின் அண்ணா வந்தார். அம்மா கொடுத்த காப்பியைப் பாதி குடித்தார். பிறகு பீரோவிலிருந்து சித்தியின் பட்டுப்புடவைகளையெல்லாம் எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டார். அம்மா மடித்து மடித்துக் கொடுத்தாள். புது வண்டியில் வருகிறபோது கட்டிக்கொள்ள எது நன்றாக இருக்கும் என்று சித்திக்கு நிச்சயமாகவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

"பெயின்ட் அடிச்சு, கவர்மென்ட் டெஸ்ட் ஒண்ணு முடிஞ்சாப் போறும். நானே வந்து கூட்டிண்டு வந்துடறேன்னு சொல்லுங்கோ" என்றார் சித்தப்பா.

சித்தியின் அண்ணா கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்து, "வண்டி நன்னா இருக்கு" என்றார். பெட்டியோடு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

அன்று சித்தப்பா சாப்பிடவில்லை. மத்தியானம் துரு ராவுகிற மின்சார மெஷினை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்தார். நான் கிணற்றடியில் இருந்தேன். அவர் அழுக்கைத் துணியால் துடைத்தார். அந்த எண்களின்மேல் விரலை வைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக, வாய்விட்டு வாசித்தார். பிறகு மெஷினைப் போட்டார். பொறி பறந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. அதன்மேல் அழகாகப் பெயின்டும் அடித்தார்.

டெஸ்ட் நடந்த மைதானத்துக்கு அப்பாவும் நானும் கூடப் போனோம். இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து பாராட்டிவிட்டு, எண்ணைப் படியெடுக்கச் சட்டத்தின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். காகிதம் வெறுமனே கறுத்தது. மறுபடி தேய்த்தார்.

"சாரே, நம்பர் எவிடெ? இவிடெ ஒண்ணும் இல்லல்லோ" என்று அந்த வெறும் இடத்தைத் தட்டிக் காட்டி மலையாளத்தில் கேட்டார்.

"துருன்னு நெனச்சு ராவிட்டேன்" என்றார் சித்தப்பா. "மறந்துபோச்சு."

"ஏண்டா, துருவுக்கும் நம்பருக்கும் வித்தியாசம் தெரியாதா நோக்கு?" என்று அப்பா அத்தனை பேர் நடுவில் கத்தினார். நம்பர் இல்லாத வண்டி திருட்டு வண்டி மாதிரிதான், ரோட்டில் இறக்கக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. சித்தப்பா மட்டும் பெரிய பாரம் இறங்கினவர் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வண்டி பழையபடி கயிற்றில் கொல்லைக்கு வந்தது. அதற்கப்புறம் தெருவில் யாராவது சித்தியைப் பற்றி விசாரித்தால், பதில் தயாராக இருந்தது: வண்டி சரிப்படவில்லை. கேட்டவர்கள் சித்தப்பாவின் மறதியைச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கேட்டேன்: "தம்பானூர் பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து நாகர்கோவிலுக்கு எவ்வளவு பஸ் இருக்கு! சித்திக்குத்தானே ஒத்துக்காது? நீங்க போய்க் கேட்டுட்டு வரலாமே, சித்தப்பா?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். பிறகு, தூசியே இல்லாத அந்த மயில்கழுத்து சீட்டைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

பஸ்ஸில் போகலாம் என்பதும் அவருக்கு மறந்துவிட்டது என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.