போர்வை இழுப்பவளும் பெரிய பக்கங்களும்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் அவசரக்குடுக்கை என்றே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் படியேறி ஓடுகிறவளுக்கு அந்தச் சனிக்கிழமை கால் தரையிலேயே பாவவில்லை. பேருந்து முன்பதிவு நிறுவனத்தின் மெயின்பிரேம் என்ற பெரிய கணினியில் அன்று சோதனை ஓட்டம். மாலைக்குள் தேறாவிட்டால் மெஷின் ஹாலையே பூட்டிவிடுவார்கள், அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். கணவனுக்கோ இங்கே பள்ளிக்கூட வாத்தியார் வேலை. ஆளுக்கொரு ஊர் என்று ஆகிவிடும்.

ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகள் குடியிருந்தன. ஒன்று முன்பதிவு செய்யும், ஒன்று கட்டணம் பார்த்துச் சொல்லும், இன்னும் சில. நினைவகத்தைச் சின்னச் சின்னப் பக்கங்களாக நறுக்கி வைத்தால், எது எங்கே என்று தேடியே இயந்திரத்துக்கு நேரம் போய்விடும். பெரிய பக்கங்களாகக் கொடுத்தால் தேடல் குறையும், வேலை பறக்கும். யோசனை அவளுடையது. அது உதித்த அன்று காபி மெஷின் முன்னால் ஒரு குதி குதித்தாள் பாருங்கள், இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

காலையில் ஓட்டினார்கள். முன்பதிவு நாலுகால் பாய்ச்சலில் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் அப்படியே நின்றுவிட்டது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, மெஷின் படுத்துக்கிச்சு. முன்பதிவுக்குன்னு பெரிய பெரிய பக்கமா ஒதுக்கி வெச்சேன், அப்படியும் நகர மாட்டேங்குது."

"எவ்வளவு ஒதுக்கினே?"

"கிட்டத்தட்ட முழுசும்."

"அதானே பார்த்தேன். போர்வையிலயே எனக்கு ஒரு முனை மிச்சம் வைக்காதவ, மெஷின்ல மட்டும் வெச்சிடுவியா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், வருடக்கணக்காகக் குளிரில் சுருண்டு படுக்கிறவனின் புகார் அது. அவளோ போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். பெரிய பக்கங்களுக்கென்று ஒதுக்கிய இடம் சும்மா கிடந்தாலும் மற்றவை தொட முடியாது. கட்டணக் கணினி இடமில்லாமல், வைத்ததை எடுக்கவும் எடுத்ததை வைக்கவும் மெதுவான வட்டுச் சேமிப்புக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தது. கட்டணம் வராமல் முன்பதிவு யாருக்கு டிக்கெட் கொடுக்கும்? பேராசை பெருநஷ்டம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒதுக்கியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்து, எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி கிளப்பினாள். திரையில் டிக்கெட் எண்ணிக்கை ஏறியது, ஏறிக்கொண்டே போனது. சந்தோஷம் தாங்காமல் மேலாளரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

"ஓடுது சார், ஓடுது."

"தோளை விடும்மா, வலிக்குது. ஹால் இங்கதான் இருக்கும், நீயும் இங்கதான் இருப்ப, போதுமா?"

வீட்டுப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். வாசலருகே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் அவள் துணிமணி. மற்றதைத் திறந்தால் அவனுடைய சட்டைகள், பாடப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே மடித்த போர்வை.

"உங்க பெட்டி எதுக்கு? வேலை இங்கதானே உங்களுக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"வீட்ல இருக்கிறது ஒரே போர்வை. நீ எடுத்துட்டுப் போயிட்டா நான் என்ன பண்றது? அதான், நானும் வந்துடலாம்னு."